நிலவின் படமும் நம் புகழுரையும்

சந்திரனின் தென்மேற்கு விளிம்பில், பூமியிலிருந்து பார்ப்பவர்க்கு மிகச் சாய்வாகத் தெரியும் இடத்தில், நூறு கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள பழைய பள்ளம் ஒன்று உள்ளது. அதன் பெயர் லெ ஜான்தி. புதுச்சேரி வாசகர்கள் இப்பெயரை அறிந்துகொள்வது நல்லது. சந்திரனில் இடம் பெற்றுவிட்ட இம்மனிதர் நம் ஊர்க் கடற்கரையில் தோற்றுப்போனவர்.

வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து செல்வது அரிய நிகழ்ச்சி. 1761இல் அதனைப் புதுச்சேரியிலிருந்து அளப்பதற்காகக் கியோம் லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலார் கப்பலேறினார். அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. கப்பல் திரும்பியது, நிகழ்ச்சி நடந்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் நின்று துல்லியமாக அளப்பது எப்படி? எட்டாண்டுகள் கழித்து வரவிருந்த அடுத்த கடப்புக்காக அவர் கீழை நாடுகளிலேயே தங்கினார். 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டையின் மேல் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4ஆம் நாள் காலை, வேண்டிய நேரத்தில் மேகம் வந்து மூடிக்கொண்டது. 1779லும் 1781லும் இரு தொகுதிகளாக வெளிவந்த தம் பயண நூலில் லெ ஜான்தி இதை மறைக்காமல் எழுதினார்.

அவர் பெயர் கொண்ட பள்ளத்துக்கு அருகிலேயே சுமார் 300 கிலோமீட்டர் அகலமுள்ள மாபெரும் பள்ளம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பாயி என்று பெயர். லெ ஜான்தி தமிழகத்திலிருந்து கொண்டுசென்ற வானியல் வாய்பாடுகளையும் ஆராய்ந்து, 1787இல் இந்திய வானியல் பற்றிப் பெருநூல் எழுதிய பிரெஞ்சு அறிஞரின் பெயர் அது.

இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். சந்திரயான்-1 விண்கலத்தைப் பற்றி நாம் தமிழில் பேசியும் எழுதியும் வரும் முறையைச் சற்றே விமர்சிப்பது இக்கட்டுரையின் நோக்கம். அந்த விமர்சனத்துக்கு வேண்டிய உரைகல் புதுச்சேரியிலேயே கிடைக்கிறது.

41 நொடியும் 52 நிமிடமும்

1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை லெ ஜான்தி தமிழ்நாட்டுக் கணக்கு முறையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நம் முறையில் வந்த விடை 41 நொடி குறைவாக இருந்தது. அன்று ஐரோப்பாவில் சிறந்தவையாகக் கருதப்பட்ட டோபியாஸ் மாயரின் அட்டவணைகளோ 68 நொடி கூடுதலாகக் காட்டின. இச்செய்தியைப் பலர் மேடைகளில் கேட்டிருப்பீர்கள். கைதட்டலுக்கு ஏற்ற செய்தி.

இன்னொரு செய்தி உண்டு. 1825இல் புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணக்கர் ஒருவர், சோழிகளைத் தரையில் வைத்து, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களின் துணைகொண்டு, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இரவில் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஜான் வாரன் என்பவர் அதைக் கவனமாகப் பதிவு செய்து, 'கால சங்கலித' என்ற நூலில் வெளியிட்டார். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது. காகிதமில்லாமல், எழுதுகோல் இல்லாமல், சோழிகளைக் கொண்டு செய்த கணக்கு இது என்று எண்ணும்போது வியப்பு குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. 1952இல் ஆட்டோ நாய்கெபௌவர் என்ற கணித வரலாற்று அறிஞர் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பிலேயே ஆய்வுரை எழுத முடிந்ததற்கு வாரனின் விரிவான பதிவே அடிப்படை.

ஆயினும் மேடைகளில் 41 நொடி ஒலிக்கும் அளவுக்கு 52 நிமிடம் ஒலிப்பதில்லை. இரண்டும் ஒரே மரபின் விடைகள். ஒன்றை மட்டும் சொன்னால் அது பெருமைப் பேச்சு. இரண்டையும் சொன்னால்தான் அது அறிவியல். சந்திரயான்-1 பற்றிய நம் எழுத்திலும் இதே குறை படிந்திருக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு.

எதற்காகப் போன கலம்?

சந்திரயான்-1 என்றதும் நம் நினைவுக்கு வருபவை மூன்று: பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்து தமிழ்வழிப் பள்ளியில் படித்த மயில்சாமி அண்ணாதுரை அதன் திட்ட இயக்குநர், நிலவில் நம் கொடி விழுந்தது, நிலவில் தண்ணீர் கண்டது. மூன்றும் உண்மையே. ஆனால் கலம் எந்த வேலைக்காக வடிவமைக்கப்பட்டது என்று ஒரு மாணவரைக் கேட்டால் விடை வருவது அரிது.

அது வரைபடம் வரையப் போன கலம். 2008 அக்டோபர் 22ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி11 ராக்கெட்டில் ஏறிச் சென்றது. ஏவும்போது எடை சுமார் 1,380 கிலோ. நவம்பர் 8இல் சந்திரனின் ஈர்ப்பில் சிக்கி, நவம்பர் 12இல் தரைக்கு மேலே 100 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களைக் கடந்து சுற்றத் தொடங்கியது. பதினொரு கருவிகள், அவற்றில் ஐந்து இந்தியாவினுடையவை, ஆறு வெளிநாட்டவை. இரண்டாண்டுகள் சுற்றி, நிலவு முழுவதையும் 5 மீட்டர் நுணுக்கத்தில், மேடு பள்ளத்தோடு படமெடுப்பது திட்டம். செலவு 386 கோடி ரூபாய்.

5 மீட்டர் நுணுக்கம் என்றால், படத்தில் ஒரு புள்ளி தரையில் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள சதுரத்தைக் குறிக்கும். ஒரு பேருந்து அப்படத்தில் இரண்டு, மூன்று புள்ளிகளாகத் தெரியும். இப்படி ஒரு நிலவையே வரைவது எவ்வளவு பெரிய வேலை? இதை அறிய உயர்கல்வி வேண்டியதில்லை. பள்ளிக் கணக்கே போதும்.

பள்ளிக் கணக்கு

சந்திரனின் ஆரம் சுமார் 1,737 கிலோமீட்டர். 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கலம் நொடிக்கு 1.63 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, ஒரு சுற்றை சுமார் 118 நிமிடங்களில் முடிக்கும். கலத்துக்கு நேர் கீழேயுள்ள தரைப்புள்ளி நொடிக்கு சுமார் 1.54 கிலோமீட்டர் நகரும். அப்படியானால் 5 மீட்டரைக் கடக்க ஆகும் நேரம் என்ன? ஏறத்தாழ ஒரு நொடியில் முந்நூறில் ஒரு பங்கு. அதற்குள் காமிரா ஒரு வரியைப் படமெடுத்து முடித்து, அடுத்த வரிக்கு ஆயத்தமாக வேண்டும்.

ஒரு வரியில் 4,000 புள்ளிகள். 4,000 ஐந்து மீட்டர், அதாவது 20 கிலோமீட்டர். இதுவே காமிரா ஒரே நேரத்தில் காணும் பட்டையின் அகலம். கலம் தறியில் ஓடும் நாடாபோல வடக்கும் தெற்குமாக ஓட, நிலவின் படம் 20 கிலோமீட்டர் அகலப் பட்டைகளாக நெய்யப்படுகிறது.

இங்கேதான் சிக்கல். கலத்தின் பாதை நிலவைச் சுற்றி நின்ற நிலையில் இருக்க, நிலவு அதற்குள் மெல்லச் சுழல்கிறது. நிலவின் நடுக்கோட்டுச் சுற்றளவு சுமார் 10,916 கிலோமீட்டர். ஒரு சுழற்சிக்கு 27.3 நாள். கலம் ஒரு சுற்றை முடித்து வருவதற்குள் நடுக்கோட்டில் தரை சுமார் 33 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். காமிரா காண்பது 20 கிலோமீட்டர்; தரை நகர்வது 33 கிலோமீட்டர். எனவே அடுத்தடுத்த இரு பட்டைகளுக்கு நடுவே 13 கிலோமீட்டர் வெற்றிடம் விழும். அதை அடுத்த மாதச் சுழற்சியில்தான் நிரப்ப வேண்டும். அதற்காகக் கலத்தின் பாதையை அளவாகத் திருத்தி, இரண்டாம் முறை வரும் பட்டை முதற்பட்டைகளின் இடைவெளியில் விழும்படி பார்க்க வேண்டும்.

துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல இடைவெளி குறையும். அட்சரேகை சுமார் 53 டிகிரியைத் தாண்டினால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியத் தொடங்கும். லெ ஜான்தி பள்ளம் இருப்பது தெற்கே ஏறத்தாழ 75 டிகிரியில். அங்கே அடுத்தடுத்த பாதைகளுக்கு இடையே 9 கிலோமீட்டர்கூட இல்லை. பூமியிலிருந்து நேராகக் காண முடியாத இடம், கலத்துக்கு எளிய இடம். பூமியிலிருந்து நன்றாகத் தெரியும் நடுப்பகுதியோ கலத்துக்குக் கடினமான இடம். இதைச் சிந்தித்துப் பாருங்கள்.

மேடு பள்ளம் அறிவதெப்படி?

ஒரே காமிராவில் மூன்று பார்வைகள் வைத்திருந்தார்கள். ஒன்று நேர் கீழே பார்க்கும். ஒன்று 25 டிகிரி முன்னே பார்க்கும். மற்றொன்று 25 டிகிரி பின்னே பார்க்கும். ஒரே குன்றை ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்துக்குள் மூன்று கோணங்களில் படம் பிடிக்கலாம். நம் இரு கண்கள் தூரத்தை உணர்வதும் இதே முறையில்தான்.

நிலவின் வளைவை விட்டுவிட்டு எளிதாகக் கணக்கிட்டால், 100 மீட்டர் உயரமுள்ள குன்றின் உச்சி, முன்பார்வைப் படத்துக்கும் பின்பார்வைப் படத்துக்கும் இடையே சுமார் 93 மீட்டர் இடம் மாறித் தெரியும். 5 மீட்டர் நுணுக்கத்தில் அது 18 அல்லது 19 புள்ளிகள். இந்த இடமாற்றத்தை அளந்தால் குன்றின் உயரம் கிடைத்துவிடும். இதோடு, லேசர் ஒளியைத் தரைக்கு அனுப்பி, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரத்தை அறியும் கருவியும் கலத்தில் இருந்தது.

மூன்று பார்வைகளையும் சேர்த்தால் நொடிக்கு சுமார் 37 லட்சம் புள்ளிகள் வந்து குவியும். அவற்றைச் சுருக்கி, நினைவகத்தில் வைத்து, பெங்களூருக்கு அருகே பைலாலுவில் உள்ள 18 மீட்டர், 32 மீட்டர் அலைவாங்கிகளுக்கு அனுப்ப வேண்டும். நிலவு பைலாலுவின் வானத்தில் இருக்க வேண்டும். கலம் நிலவுக்குப் பின்னே மறைந்திருக்கக் கூடாது. ஆகவே காமிராவால் காண முடிவதெல்லாம் பூமிக்கு வந்து சேர்வதில்லை. எந்தச் சுற்றில், எந்த இடத்தை, எவ்வளவு நேரம் என்று அன்றாடம் தேர்ந்தெடுக்க வேண்டும். கலத்தை இயக்குவது என்பதன் பெரும்பகுதி இந்தத் தேர்வுதான்.

ஒளிக்கும் பருவம் உண்டு. கலத்தின் பாதைத் தளம் விண்மீன்களை ஒப்பிட ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. நிலவோ பூமியோடு சேர்ந்து ஆண்டுக்கொரு முறை சூரியனைச் சுற்றுகிறது. எனவே ஆண்டில் சில மாதங்கள் கலத்தின் கீழே உச்சிவேளை. வேறு சில மாதங்கள் விடியலும் அந்தியும். உச்சிவெயிலில் நிழல் விழாது. கனிமங்களின் நிறவேறுபாட்டை ஆராய அது நல்லது. சாய்ந்த வெயிலில் நிழல் நீண்டு மேடு பள்ளம் எடுப்பாகத் தெரியும்; ஆனால் பாதித் தரை நிழலில் ஒளிந்துகொள்ளும். எந்த வேலையை எந்தப் பருவத்தில் செய்வது என்று ஈராண்டுக்கு முன்கூட்டியே திட்டமிட்டிருந்தார்கள். ஆனால் கலத்துக்கு ஈராண்டு வாய்க்கவில்லை.

வெப்பமும் விண்மீன் உணர்வியும்

உச்சிவேளையில் நிலவின் தரை நூறு டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கும். 100 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் கலத்துக்கு மேலிருந்து சூரியன். கீழே பாதி வானத்தை அடைத்துக்கொண்டு அடுப்புக்கல் போன்ற நிலவு. 2008 நவம்பர் இறுதியிலேயே கலத்தின் வெப்பநிலை 50 டிகிரியை எட்டியது. கலத்தை 20 டிகிரி திருப்பி, சில கருவிகளை அணைத்து, வெப்பத்தை 40 டிகிரிக்கு இறக்கினார்கள். கருவிகளை ஒரே நேரத்தில் எல்லாம் இயக்காமல் முறை வைத்து இயக்க வேண்டியதாயிற்று. அணைந்திருக்கும் கருவி வரைவதில்லை. அந்த நாட்களில் கடந்துபோன பட்டைகள் கடந்துபோனவையே.

அடுத்தது இன்னும் கடுமையான அடி. கலம் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதை விண்மீன்களைப் பார்த்து அறியும் கருவிக்கு விண்மீன் உணர்வி என்று பெயர். 2009 மே நடுவில், அதுவரை வேலைசெய்துகொண்டிருந்த உணர்வியும் பழுதாயிற்று. வரைபடம் வரையும் கலத்துக்கு இது எத்தகைய இழப்பு? 100 கிலோமீட்டர் உயரத்தில் கலம் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால், தான் பார்ப்பதாக அது நினைக்கும் இடத்துக்கும் உண்மையில் பார்க்கும் இடத்துக்கும் 1,745 மீட்டர் வேறுபாடு. அதாவது 350 புள்ளிகள் பிழை. படம் தெளிவாகவே இருக்கும். ஆனால் எந்த இடத்தின் படம் என்பதில் ஐயம் வந்துவிடும். மருந்துப் புட்டியில் மருந்து இருந்து, பெயர்ச்சீட்டு கிழிந்துபோனது போல.

பொறியாளர்கள் தளரவில்லை. சூரியனைக் காணும் உணர்வியையும், பூமியிலுள்ள நிலையத்தை அலைவாங்கி நோக்கும் திசையையும் கொண்டு, சுழல்காட்டிகளைத் திருத்தித் திருத்திக் கலத்தை நடத்தினார்கள். மாலுமி திசைகாட்டியை இழந்து, கரையின் விளக்கைப் பார்த்துக் கப்பலைச் செலுத்துவது போன்ற வேலை. மே 19இல் கலம் 200 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றப்பட்டது. ஆகஸ்டு 29ஆம் நாள் அதிகாலை தொடர்பு அறுந்தது. இரண்டாண்டுக்குப் போன கலம் 312 நாட்கள் வேலை செய்தது. 3,400க்கும் மேற்பட்ட முறை நிலவைச் சுற்றியது. 70,000க்கு மேற்பட்ட படங்கள் வந்து சேர்ந்தன. முழு நிலவையும் 5 மீட்டர் நுணுக்கத்தில் முடிப்பது என்ற இலக்கு மட்டும் நிறைவேறவில்லை.

பாதி உண்மை

இனி விமர்சனத்துக்கு வருவோம். 2009 மே மாதம் கலத்தின் உயரத்தைக் கூட்டியபோது வெளியான அறிவிப்பில், நிலவின் ஈர்ப்பு வேறுபாடுகளை ஆராயவும், அகன்ற பட்டைகளாகப் படமெடுக்கவும் இது உதவும் என்று காரணம் சொல்லப்பட்டது. உணர்வி பழுதான செய்தி ஜூலையில்தான் பொதுமக்களை எட்டியது. எதிர்பார்த்ததைவிட வெப்பம் மிகுந்திருந்தது என்ற விளக்கம் கலத்துடன் தொடர்பு அற்றபின் வந்தது.

அறிவிப்பில் சொன்ன காரணம் பொய்யா? இல்லை. மறுபடியும் கணக்கிட்டுப் பாருங்கள். 200 கிலோமீட்டர் உயரத்தில் பட்டை 40 கிலோமீட்டர் அகலமாகிவிடும். ஒரு சுற்றுக்கு சுமார் 127 நிமிடம் ஆகும். அதற்குள் நடுக்கோட்டில் தரை நகர்வது 35 கிலோமீட்டர். 40 என்பது 35ஐ விடப் பெரிது. ஆகவே பட்டைகளுக்கு நடுவே வெற்றிடமே விழாது! விலை என்னவென்றால், புள்ளி 5 மீட்டரிலிருந்து 10 மீட்டராகப் பருத்துவிடும். ஒரு டிகிரி திசைப்பிழை தரையில் ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டராகும். சொல்லப்பட்டது உண்மை, சொல்லப்படாததும் உண்மை. நெருக்கடியில் ஒரு நிறுவனம் நல்ல செய்தியை முன்னே வைப்பது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் அறிவியல் எழுத்தாளருக்கு அந்த நெருக்கடி கிடையாது. அறிவிப்பை அப்படியே தமிழாக்கம் செய்துவிட்டு நின்றுபோனது நம் தவறு. மேலே கண்ட கணக்கைப் போட்டுக் காட்டியிருந்தால், கலம் எதை இழந்து எதைப் பெற்றது என்பதை மாணவர்களே கண்டிருப்பார்கள்.

தண்ணீர்ச் செய்தியிலும் இதே கதை. 2009 செப்டம்பரில் உலகமே பேசிய அக்கண்டுபிடிப்பைத் தந்தது, நம் கலத்தில் சென்ற அமெரிக்கக் கருவியான நிலவுக் கனிம வரைவி. சூரிய ஒளி நிலவில் பட்டுத் திரும்பும்போது, மூன்று மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் ஒரு பகுதி உறிஞ்சப்பட்டிருந்தது. ஐதரசனும் ஆக்சிசனும் பிணைந்திருப்பதன் அடையாளம் அது. வேறு இரு விண்கலங்களின் அளவீடுகளும் துணைநின்றன. அங்கே குளமோ ஊற்றோ இல்லை. பாலைவன மணலைவிட வறண்ட மண்ணின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மிகச் சிறிதளவே. 'இந்தியா நிலவில் தண்ணீர் கண்டது' என்று முடித்துவிட்டால், எந்தக் கருவி, எந்த ஒளி, எவ்வளவு என்ற மூன்று கேள்விகளும் தொலைந்துபோகின்றன. அக்கருவியின் படங்களை நிலவின் ஆயத்தொலைவுகளில் சரியாகப் பொருத்த, 2009 ஜூனில் ஏவப்பட்ட அமெரிக்கக் கலத்தின் லேசர் உயர அளவுகள் பின்னர் பயன்பட்டன என்பதும் சொல்லப்பட வேண்டிய செய்தி. கிழிந்த பெயர்ச்சீட்டை ஒட்டுவதற்கு வேறொரு கலத்தின் உதவி வேண்டியிருந்தது.

பிறர் வரைந்த படங்கள்

சந்திரயான்-1 தனித்து நின்ற முயற்சியன்று. 1966, 1967ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஐந்து 'லூனார் ஆர்பிட்டர்' கலங்கள் நிலவின் 99 விழுக்காட்டைப் படமெடுத்தன. கலத்துக்குள்ளேயே பிலிமைக் கழுவி, அதை வரிவரியாகப் படித்து வானொலி அலையில் அனுப்பிய காலம் அது. அக்கலங்களின் ஓட்டத்தில் கண்ட விலகல்களை ஆராய்ந்தபோதுதான், நிலவின் சில சமவெளிகளுக்கு அடியில் கனத்த பொருள்திரள்கள் உள்ளன என்று 1968இல் தெரியவந்தது. இவை தாழ்வாகப் பறக்கும் கலத்தைத் தாறுமாறாக இழுக்கும். 1972இல் அப்போலோ 16 விட்டுவந்த சிறு துணைக்கோள் ஒன்று 35 நாட்களில் நிலவில் மோதியது இதனால்தான். 100 கிலோமீட்டர் உயரத்தில் கலத்தை வைத்திருக்க அடிக்கடி எரிபொருள் செலவிட வேண்டியிருப்பதன் காரணமும் இதுவே.

2007இல் சென்ற ஜப்பானின் 'காகுயா' 10 மீட்டர் நுணுக்கத்தில் மேடு பள்ளம் அளந்தது. அதே ஆண்டு சென்ற சீனாவின் 'சாங்கே-1' 120 மீட்டர் நுணுக்கத்தில் நிலவுப் படம் வெளியிட்டது. இவர்களோடு ஒப்பிட்டால் நம் காமிராவின் 5 மீட்டர் நுணுக்கமானது. ஆனால் ஒன்று நுணுக்கம், மற்றொன்று நிறைவு. நுணுக்கமான படம் நிறைவான படமாகாது. நிறைவான படம் நுணுக்கமான படமாகாது. இரண்டையும் தனித்தனியே சொல்லி ஒப்பிடுவதே நேர்மை.

வெற்றிடம் ஏன் முக்கியம்?

வரைபடத்தில் வெற்றிடம் இருப்பது இழிவன்று. நிரப்பப்படாத இடம் எது என்று தெரிந்தால்தான் அடுத்த கலம் எங்கே போகவேண்டும் என்பது தெரியும். 2019 ஜூலை 22இல் ஏவப்பட்ட சந்திரயான்-2இன் சுற்றுக்கலத்தில், மீண்டும் 5 மீட்டர் நுணுக்கமுள்ள நிலவரைபடக் காமிரா வைக்கப்பட்டது. அதோடு 25 சென்டிமீட்டர் நுணுக்கமுள்ள இன்னொரு காமிராவும் சென்றது. அவ்வாண்டு செப்டம்பரில் விக்ரம் தரையிறங்கி மோதி நொறுங்கியது. நாடே வருந்தியது, மேலே சுற்றிய கலம் வரைந்துகொண்டே இருந்தது.

நான்காண்டு கழித்து, சந்திரயான்-3 இறங்க வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுக்க அந்த 25 சென்டிமீட்டர் படங்களே பயன்பட்டன. முன்பு 500 மீட்டர் சதுரத்துக்குள் இறங்க முயன்றார்கள். இம்முறை 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் உள்ள இடத்தைத் தேர்ந்தார்கள். பாறை எங்கே, குழி எங்கே, சரிவு எவ்வளவு என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. 2023 ஆகஸ்டு 23இல் கலம் பத்திரமாக இறங்கியது. 'எது எது தவறலாம் என்பதிலிருந்து தொடங்கி வடிவமைத்தோம்' என்ற பொருளில் இஸ்ரோவின் அன்றைய தலைவர் சோமநாத் விளக்கம் தந்தார். பொறியாளர்கள் தம் தோல்வியைப் பாடமாகப் படித்துவிட்டார்கள். அதை மக்களுக்கு எழுதிக்காட்ட வேண்டிய நாமோ, இன்னும் வெற்றிப் பட்டியலை மட்டுமே ஒப்பிக்கிறோம்.

இதனால் யாருக்கு நட்டம்? தமிழ்வழியில் படிக்கும் மாணவருக்குத்தான். தமிழ்வழியில் படித்தவர் நிலவுக்குக் கலம் அனுப்பினார் என்ற செய்தி அவருக்கு ஊக்கம் தரும், தர வேண்டும். ஆனால் ஊக்கம் கல்வியாகாது. 20 கிலோமீட்டரும் 33 கிலோமீட்டரும் என்ற கணக்கைத் தமிழில் படிக்கக் கொடுக்காமல், கலத்தை வடிவமைத்தவரின் பெயரை மட்டும் படிக்கக் கொடுத்தால், அவர் கைதட்டப் பழகுவார். கணக்குப் போடப் பழகமாட்டார். ஆங்கில நூல் கைக்கு எட்டும் மாணவருக்கு அந்தக் கணக்கு வேறு வழியில் கிடைத்துவிடும். தமிழ் ஒன்றையே நம்பியிருப்பவருக்கு நாம் எழுதாதது கிடைக்காது.

'தோல்வியையெல்லாம் எழுதினால் இளைஞர் மனம் தளராதா?' என்று சிலர் கேட்பர். மயில்சாமி அண்ணாதுரையும் அவர் குழுவினரும் திசையறியும் கருவியை இழந்த கலத்தை மூன்று மாதத்துக்கு மேல் ஓட்டினார்கள். அந்தத் திறமையைப் புகழ வேண்டுமானால், கருவி பழுதானதை முதலில் சொல்லியாக வேண்டும். பழுதை மறைத்தால் திறமையும் மறைந்துபோகிறது.

வாசகர்களே, நிலவின் படமோ, பூமியின் படமோ, எந்தப் படம் உங்கள் முன் வைக்கப்பட்டாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஒரு புள்ளி எத்தனை மீட்டர்? எவ்வளவு பரப்பு முடிந்திருக்கிறது? வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தபோது எடுத்தது? இந்த இடம்தான் என்பதில் எத்தனை மீட்டர் ஐயம் உள்ளது? நான்குக்கும் விடை தரும் படமே நம்பத்தக்க படம்.

புதுச்சேரிப் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நடக்கும்போது சந்திரயானின் மாதிரி ஒன்றைக் கட்டாயம் காணலாம். வெள்ளித்தாள் ஒட்டிய பெட்டி, காகிதக் கொடி. அடுத்த முறை அதனருகே ஒரு பந்தையும் வையுங்கள். 20க்கு 33 என்ற விகிதத்தில் பட்டைகள் வரைந்து, பட்டைக்கு நிறம் தீட்டுங்கள். இடைவெளிகளை வெள்ளையாகவே விடுங்கள். தென்மேற்கு விளிம்பில் லெ ஜான்தியைக் குறியுங்கள். பார்க்க வருபவர் வெள்ளைப் பட்டைகளைக் காட்டி 'இது ஏன் இப்படி?' என்று கேட்பார். அப்போது சொல்வதற்கு உங்களிடம் கணக்கு இருக்கும்.